மொஸ்கோ போனால் சைபீரியாக்காரன் சோறு தின்ன மாட்டானா? ஐந்து ஞாயிற்றுக்கிழமை ‘அக்சிஸ் அன்ட் அலைஸ் 1942’

கனடாவில் இருக்கும் மச்சான் கப்பலில் போட்டு அனுப்பிய சாமான் பெட்டியில், சவர்க்காரக் கட்டிகளுக்கும் சொக்லேட் பைகளுக்கும் நடுவில் இது வந்தது. பெட்டியின் ஒரு மூலை நசிந்திருந்தது, உள்ளே ஒன்றும் உடையவில்லை. அம்மா அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, “சண்டையை விளையாடவும் வேணுமோ உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. ஆனால் ஐந்து ஞாயிற்றுக்கிழமை விளையாடிவிட்டேன், அதனால் விமர்சனம் எழுதும் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இது 1984-இல் அமெரிக்காவில் பிரபலமாகிய ஒரு பலகை விளையாட்டின் பிந்திய பதிப்பு, 1942 இரண்டாம் பதிப்பு. இரண்டாம் உலகப் போர், 1942 வசந்த காலத்தில் தொடங்குகிறது. சோவியத், ஜேர்மனி, பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா என்று ஐந்து நாடு, இரண்டு அணி. ஒவ்வொரு நாட்டுக்கும் கையில் இருக்கும் நிலத்தைப் பொறுத்து வருமானம், அந்த வருமானத்தில் படை வாங்கலாம், வாங்கிய படையைக் கொண்டு அடுத்தவனின் நிலத்தைப் பிடிக்கலாம். காலாள் 3 காசு, யுத்த தாங்கி 6, சண்டை விமானம் 10, பெரிய போர்க்கப்பல் 20. சண்டைக்கு டைஸ் உருட்ட வேண்டும், சின்ன எண் விழுந்தால்தான் அடி. காலாள் தாக்கப் போனால் 1 விழவேண்டும், காத்து நின்றால் 1 அல்லது 2. தாயம் விளையாடும்போது ஆச்சி ஒன்று விழவேண்டும் என்று எப்படிக் கத்துவாவோ, அதே சத்தம் எங்கள் விறாந்தையில் இப்போது ஸ்டாலின்கிராட்டுக்காகக் கேட்கிறது.

வரைபடத்தை விரித்தால் சாப்பாட்டு மேசை காணாது, பாயைப் போட்டு நிலத்தில்தான் விரித்தோம். காய்கள் சின்னன், பாரம் இல்லை. மின்விசிறியைப் போட்டால் காலாட்படை சரிகிறது, நிறுத்தினால் நாங்கள் சரிகிறோம். சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்தில் இது சின்னப் பிரச்சினை இல்லை. ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போய், போன் வெளிச்சத்தில் எது யாருடைய கப்பல் என்று பிரிக்க முடியாமல் பசிபிக் சமுத்திரத்தையே ஒரு மணித்தியாலம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

சரி, இதெல்லாம் எந்த விளையாட்டுக்கும் சொல்லக்கூடியது. நான் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு விதியைப் பற்றி. இந்த விளையாட்டின் முதுகெலும்பும் அதுதான், அதன் பொய்யும் அதுதான்.

உங்கள் தலைநகரை எதிரி பிடித்தால், உங்கள் கையில் இருக்கும் காசு முழுவதும் அவனுக்குப் போகும். அதற்குப் பிறகு உங்களிடம் எத்தனை நிலம் மிச்சம் இருந்தாலும் வருமானம் எடுக்க முடியாது, ஒரு காலாள் கூட வாங்க முடியாது. மிச்சம் இருக்கும் படையை நகர்த்தலாம், சண்டை பிடிக்கலாம், அவ்வளவுதான். நீங்களோ உங்கள் கூட்டாளியோ தலைநகரைத் திரும்பப் பிடிக்கும் வரைக்கும் இதுதான் கதி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: வருமானத்தை உங்கள் முறையின் கடைசியில் எடுக்கிறீர்கள், அடுத்த முறையின் தொடக்கத்தில்தான் செலவழிக்கிறீர்கள். இடையில் மற்ற நாலு நாடுகளும் ஆடி முடிக்கும் வரைக்கும் அந்தக் காசு உங்கள் தலைநகரில் சும்மா கிடக்கிறது. அதனால் தலைநகரைப் பிடிப்பவனுக்கு ஊர் மட்டும் கிடைப்பதில்லை, உண்டியலும் சேர்ந்து கிடைக்கிறது. ஆட்டமே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஜேர்மனியும் ஜப்பானும் இரண்டு பக்கத்தாலும் மொஸ்கோவை நெருக்குவது, பிரிட்டனும் அமெரிக்காவும் அதற்குள் பேர்லினைப் பிடிக்கப் பார்ப்பது.

முதல் ஆட்டத்தில் நான் சோவியத், தங்கச்சி ஜேர்மனி, சித்தியின் மகன் ஜப்பான், பெரியப்பா பிரிட்டனும் அமெரிக்காவும். பெரியப்பா வாழ்நாள் முழுக்க முந்நூற்றிநாலு என்ற காட்ஸ் விளையாட்டு விளையாடிய மனுசன், பலகை விளையாட்டை மதிக்கிற ஆள் இல்லை. சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டே, “அந்தக் கப்பலை அங்கை தள்ளு” என்று கைத்தடியால் காட்டுவார். சோவியத் 24 காசோடு தொடங்குகிறது, ஜேர்மனி 41. விளங்குகிறதுதானே. ஐந்தாவது சுற்றில் தங்கச்சி பதினொரு தாங்கியோடு மொஸ்கோவுக்குள் வந்தாள். நான் வைத்திருந்த காலாள் எல்லாம் உள்ளேயே செத்துப்போனது. காசையும் எண்ணிக் கொடுத்தேன்.

என்னிடம் இன்னும் காக்கேசஸ் இருந்தது. அங்கே ஒரு தொழிற்சாலையும் இருக்கிறது, தொடக்கத்திலேயே வரைபடத்தில் வைப்பது. கிழக்கில் சைபீரியாப் பக்கம் ஏழெட்டுக் காலாள் நின்றார்கள். நான் விதிப்புத்தகத்தை வாசித்து, இனி எனக்கு வருமானமும் இல்லை, வாங்கவும் முடியாது என்று சொன்னேன்.

பெரியப்பா கைத்தடியைக் கீழே வைத்தார். “அதென்ன கதை? மொஸ்கோ போனால் சைபீரியாக்காரன் சோறு தின்ன மாட்டானோ?”

விதி அப்படித்தான் என்றேன். “விதி எழுதினவன் ஒருக்காலும் இடம்பெயராதவன்” என்றார்.

அப்புறம் அவர் சொன்னது விளையாட்டைப் பற்றியது இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு. இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்துச் சனம் லட்சக்கணக்கில் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. மழை. பெரியப்பா அப்போது ஒரு சங்கக்கடையில் வேலை. வீட்டிலிருந்து என்னத்தை எடுப்பது என்று பெரியம்மா கேட்டுக்கொண்டு நிற்க, இவர் கடையைத் திறந்து பங்கீட்டு இடாப்பை, அதாவது ஆக்களின் பெயர்ப் பதிவை, எடுத்து, ரெக்சீன் துண்டால் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டியிருக்கிறார். நாவற்குழிப் பாலத்தில் சைக்கிளை உருட்டவும் இடமில்லை, தூக்கிக்கொண்டு போனாராம். சில நாள் கழித்து, சாவகச்சேரிப் பக்கம் ஒரு மரத்துக்குக் கீழே ஒரு வாங்கைப் போட்டு, அதே இடாப்பில், அதே பெயர்களுக்கு நேரே, அரிசியும் சீனியும் கொடுத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். “கடை எங்கை இருந்தது எண்டு கேட்டால், அந்த இடாப்பு இருந்த இடத்திலை இருந்தது” என்றார். அந்த இடாப்பின் மூலையில் மழைத்தண்ணி ஊறி நீல மை பரவியிருந்ததையும் விரலால் காட்டினார், வெறும் காற்றில்.

இந்த விளையாட்டுக்கு விளங்காத சங்கதி இதுதான் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. தலைநகர் என்றால் காசும் இடாப்பும் கட்டளையிடுகிற ஆளும் ஒரே இடத்தில் இருப்பது. அவை மூன்றும் எதிரி வருமுன் வெளிக்கிட்டுப் போய்விட்டால் பிடிபடுவது வெறும் ஊர். போகாவிட்டால் பிடிபடுவது போர்.

இதற்குப் பாரிசையும் பேர்லினையும் தேடிப் போகத் தேவையில்லை, இந்தச் சின்னத் தீவிலேயே ஒரே ஊர் திரும்பத் திரும்ப விழுந்து, ஒரு தடவை ஒன்றும் முடியாமலும் இன்னொரு தடவை எல்லாம் முடிந்தும் போன கதை மூன்று இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து முத்திரைச்சந்திச் சங்கிலியன் சிலைக்கு சைக்கிளில் ஐந்து நிமிடம், அதிலிருந்தே தொடங்கலாம். 1560-இல் கோவாவிலிருந்து போர்த்துக்கீசரின் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா கப்பற்படையோடு வந்து, யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரைப் பிடித்தான். தலைநகர் போனது. ஆனால் அரசன் தப்பிவிட்டான், சனம் கிளம்பியது, போர்த்துக்கீசர் பின்வாங்கி மன்னாரில் கோட்டை கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. 1591-இல் திரும்ப வந்து அரசனைக் கொன்று, தாங்கள் சொல்வதைக் கேட்கிற ஒருவரை, எதிர்மன்னசிங்கத்தை, அரியணையில் ஏற்றினார்கள். அப்போதும் அரசு இருந்தது, கப்பம் கட்டிக்கொண்டு. 1619-இல் பிலிப் த ஒலிவேரா வந்தபோது அப்போது ஆண்ட சங்கிலி குமாரன் கடலால் தப்பப் பார்த்துப் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். அதோடு முடிந்தது. மூன்று தடவையும் அதே நல்லூர்தான். மூன்றாந்தரம் ஆளும் பிடிபட்டான், அவனுக்குப் பிறகு அரியணையில் யாரையும் வைக்கவும் இல்லை.

கண்டி இன்னும் பச்சையான உதாரணம். 1803 பெப்ரவரியில் பிரிட்டிஷ் படை கண்டிக்குள் போனபோது ஊர் வெறுமை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காட்டுக்குள் போய்விட்டான். இவர்கள் முத்துசாமி என்ற ஒருவரை அரசனாக்கிவிட்டு ஒரு காவற்படையை விட்டுப் போனார்கள். காய்ச்சல், சாப்பாட்டுத் தட்டுப்பாடு, ஜூன் மாதம் அந்தப் படை சரணடைந்து அழிந்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, 1815-இல், அதே ஊர், அதே அரசன். ஆனால் இந்தத் தடவை எகலப்பொல போன்ற பிரதானிகள் பிரிட்டிஷ்காரர் பக்கம். மெதமகாநுவரப் பக்கம் அரசன் பிடிபட்டான், மார்ச் 2-இல் உடன்படிக்கை, அப்புறம் வேலூர் சிறை. ஊரைப் பிடித்ததால் வென்றார்கள் என்று சொல்ல முடியுமா? அரசனுக்கு ஒளிக்க இடம் கொடுக்க வேண்டியவர்களே மாறிப்போனதுதான் காரணம்.

மூன்றாவது கதைக்கு புத்தகம் தேவையில்லை. பெரியப்பாவே தொடங்கினார். 1995 டிசம்பரில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கையில். இனிப் போர் முடிந்தது என்று அன்றைக்குச் சொன்னவர்கள் எத்தனை பேர். புலிகளின் நிர்வாகம் வன்னிக்குப் போனது, 1996 செப்டெம்பரில் கிளிநொச்சியும் போனது, 1998 செப்டெம்பரில் புலிகள் அதைத் திரும்பப் பிடித்தார்கள், 2000 ஏப்ரலில் ஆனையிறவும் விழுந்தது. யாழ்ப்பாணம் போய் ஐந்தாவது வருடத்தில் அவர்கள் முந்தியதை விடப் பலமாக நின்றார்கள். தங்கச்சி உடனே, “அப்ப கிளிநொச்சி விதி எண்டு ஒண்டு வைப்பம், தலைநகர் போனால் அடுத்த ஊரிலை தொடங்கலாம்” என்றாள், சிரித்துக்கொண்டுதான்.

“கிளிநொச்சியும் போச்சுதுதானே பிள்ளை” என்றார் பெரியப்பா.

2009 ஜனவரி 2. அதிலிருந்து மே 18 வரைக்கும் நாலரை மாதம். 1996-இல் விழுந்த அதே ஊர்தான், அதே ஏ-9 வீதிதான். ஆனால் இந்த முறை 2004-இல் புலிகளின் கிழக்குப் படை பிரிந்துவிட்டிருந்தது, 2007-இல் ஆயுதக் கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டிருந்தன, பின்னால் போக இருந்தது கடலுக்கும் களப்புக்கும் நடுவில் சுருங்கிக்கொண்டே போன ஒரு துண்டு நிலம், அதற்குள்ளேயே சனமும். கிளிநொச்சி விழுந்ததால் முடிந்தது என்று சொல்வதை விட, முடிகிற நிலைக்கு வந்ததால்தான் கிளிநொச்சி விழுந்தது என்று சொல்வது கிட்டத்தட்டச் சரி என்று நினைக்கிறேன். அதற்கு மேல் பெரியப்பா கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு ஆட்டம் அதோடு நின்றது.

இதே கண்ணோடு பெட்டியைத் திரும்பப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஆட்டம் தொடங்கும்போதே பாரிஸ் ஜேர்மனியின் கையில், பிரான்ஸ் என்று ஒரு ஆட்டக்காரரே கிடையாது. 1940 ஜூன் 14-இல் பாரிசுக்குள் ஜேர்மன் படை புகுந்தது, 22-ஆம் திகதி போர்நிறுத்தத்தில் கையெழுத்து. விதிக்கு நல்ல சாட்சி போலத் தெரியும். ஆனால் பிரெஞ்சுப் படையின் திறமான பகுதி மே மாதமே பெல்ஜியத்தில் மாட்டுப்பட்டுச் சிதறியாயிற்று, பாரிஸ் சண்டையில்லாமல் திறந்துவிடப்பட்ட ஊர். இன்னொரு பக்கம் சீனா. 1937 டிசம்பரில் தலைநகர் நான்ஜிங் ஜப்பானிடம் விழுந்தது, அந்த ஊருக்கு நடந்தது தெரியும்தானே. அரசாங்கம் வூஹானுக்கும் பிறகு மலைகளுக்கு நடுவில் சொங்கிங்குக்கும் போய், 1945 வரைக்கும் நின்றது. இந்த விதியைப் பொய்யாக்கிய நாடு என்றால் இரண்டாம் உலகப் போரில் சீனாதான் முதலாவது. விளையாட்டில் சீனாவுக்குத் தலைநகரே கிடையாது. அங்கே நிற்பவை அமெரிக்கக் காய்கள்! சாட்சியையே கூண்டில் ஏற்றவில்லை.

மொஸ்கோ விடயத்திலும் சும்மா ஆளாளுக்கு நெப்போலியனை இழுப்பார்கள். 1812 செப்டெம்பரில் நெப்போலியன் மொஸ்கோவைப் பிடித்து, எரிந்த ஊரில் ஐந்து கிழமை இருந்துவிட்டு வெளிக்கிட்டது உண்மை, ஆனால் அப்போது ரஷ்யாவின் தலைநகர் சென் பீற்றர்ஸ்பேர்க். அந்தக் கதையில் முக்கியம், ரஷ்யத் தளபதி குத்தூசொவ் ஊரைக் கொடுத்துப் படையைக் காப்பாற்றியது. 1941-இலும் மொஸ்கோ விழவில்லை, ஆனால் விழுந்தால் என்று பார்த்து ஒக்டோபரில் அமைச்சுகளைக் கிழக்கே இருக்கும் கூபிஷெவ் நகருக்கு அனுப்பிவிட்டார்கள். 1500-க்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் ஏற்கனவே ரயிலில் ஏறிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. ஸ்டாலின் மட்டும் மொஸ்கோவில் இருந்தார். பெரியப்பாவின் இடாப்பு, கொஞ்சம் பெரிய அளவில்.

ஆக மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நாங்கள் விதியை மாற்றினோம். தலைநகர் போனால் கைக்காசில் பாதி எதிரிக்கு. வேறு ஒரு தொழிற்சாலை உங்கள் கையில் இருந்தால், அடுத்த முறையிலிருந்து பாதி வருமானம் எடுத்து அங்கே காலாள் மட்டும் வாங்கலாம். அந்தத் தொழிற்சாலையும் போனால் ஆள் வெளியே. கொப்பியில் எழுதி மூன்று ஆட்டம் ஆடினோம், மூன்றிலும் மொஸ்கோ விழுந்தது, தங்கச்சி அப்படி. இரண்டு ஆட்டத்தில் புது விதி எனக்கு ஒரு பிரயோசனமும் தரவில்லை, ஏனென்றால் முதல் ஆட்டத்தில் செய்த அதே பிழையை, ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று எல்லாரையும் உள்ளே அடைத்துச் சாகக் கொடுப்பதை, இரண்டு தடவை திரும்பச் செய்தேன். காக்கேசஸில் சுற்று ஒன்றுக்கு மூன்று காலாளை வாங்கிவைத்து என்ன செய்வது. மூன்றாவது ஆட்டத்தில் மொஸ்கோவில் இரண்டே இரண்டு காலாளை விட்டுவிட்டு மிச்சம் பதினாலு பேரையும் கசாக் பக்கம் இறக்கினேன். தங்கச்சி வெறும் ஊருக்குள் வந்தாள். அவளுடைய தாங்கிகள் அங்கே நிற்க, மேற்கில் பெரியப்பா பிரான்சில் இறங்க, எந்தப் பக்கம் திரும்புவது என்று அவள் யோசித்த ஒரு சுற்றில் நான் திரும்ப வந்தேன். எட்டாம் சுற்றில் பேர்லின்.

புது விதியால் கெட்டதும் உண்டு, மறைக்கக்கூடாது. ஆட்டம் நீளும். பழைய விதியில் ஐந்து மணித்தியாலத்தில் முடிந்தது, இதில் ஏழு. தலைநகர் விதி ஏன் வைத்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது: எங்கேயாவது ஒரு இடத்தில் ஆக்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்தானே. விளையாட்டாக அது சரியான விதி. வரலாறாகத்தான் பிழை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் விளையாடினால் நல்ல சாமான்.

வாங்கப் போகிறவர்களுக்கு. விதிப்புத்தகம் ஆங்கிலம், நீளம், ஒருவர் முன்கூட்டியே வாசித்து வைக்காவிட்டால் முதல் நாள் சண்டை வரைபடத்துக்கு வெளியில்தான் நடக்கும். பெட்டியில் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது, பொறுமை உள்ள பன்னிரண்டு வயது என்று வாசிக்கவும். காய்களைப் பிரித்து வைக்க மருந்துக்கடைச் சின்னப் பைகள் ஐந்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுக்கவே முக்கால் மணித்தியாலம் போகும். ஐந்து பேர் தேவையில்லை, மூன்று பேர் போதும், இரண்டு பேர் என்றால் அலுப்பு. கொழும்பில் யாராவது விற்பார்கள் என்றால் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டி அனுப்பும் சொந்தம் இருந்தால் அதுதான் வழி. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், மிச்சம் ஒன்றரையை மின்விசிறி எடுத்துக்கொண்டது.

பெட்டி இப்போது எங்கள் வீட்டில் இல்லை. பெரியப்பா தன்னுடைய முந்நூற்றிநாலு காட்ஸ் கட்டோடு கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார், மழை வந்தால் எங்கள் வீடு ஒழுகும் என்று காரணம் சொன்னார். புது விதி எழுதிய கொப்பியை மட்டும் பெட்டிக்குள் வைக்க விடவில்லை, அது தனியாக அலுமாரிக்குள், ஒரு ரெக்சீன் துண்டில் சுற்றி.